வாகைநேரி, ஞாயிறு, ஆறு இருபது

வாரத்தில் ஆறு நாள் மீட்டர் படிக்கிறவன் நான்.
மூன்று ஊர், ஆயிரத்துச் சொச்சம் வீடு.
ஏழாம் நாளும் எண்ணக் கிளம்பினால்
வீட்டில் கேட்காமல் இருப்பாளா:
‘தாராவுக்கும் யூனிட்டு எடுக்கியளோ?’

வாகைநேரிக் கரையில் வண்டியைச் சாய்க்கையில்
ஆறு இருபது.
வாடை காதைக் கடிக்கிறது.
மறுகால் இன்னும் நிற்கவில்லை,
பெருவிரல் தண்டி ஓடுகிறது.
பனை மூட்டில் ஜெபராணி டீச்சர்
முக்காலியில் தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருக்கிறார்.
படிவமும் பென்சிலும் ஷேக் மைதீனிடம்.
பேனா ஆகாது, பனியில் மை ஊறும்.

போன ஜனவரியில் இதே படிவம்.
இதே இடத்தில் ஆடுகள் குளத்தைக் குறுக்கே நடந்து
தெற்குக் கரை ஏறிப் போயின.
எல்லாக் கட்டத்திலும் சுழி போட்டோம்,
ஒரு பக்கம் முழுக்கச் சுழி.
‘சும்மா விட்டாலென்ன டீச்சர்?’
‘விட்டால் நாம் வரவில்லை என்று அர்த்தம்.
சுழி போட்டால்
வந்தோம், அவை வரவில்லை.’

இந்த வருசம் நாமக்கோழி.
தோல் போகாத உளுந்தைக்
குளம் முழுக்கக் கொட்டியதுபோல,
ஒவ்வொரு கறுப்புக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி.
பத்தை எண்ணு,
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடித்துக்கொள்,
அதை எடுத்துக் கூட்டத்தின் மேல்
அடுத்தடுத்து வைத்துப் போ.
இருநூற்று நாற்பது வரை போயிருப்பேன்.

பூனைப்பருந்து வந்தது.
அவசரமே இல்லை அதற்கு,
வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர்போல
சம்புக்கு மேலே ஒரு சுற்று.
அவ்வளவுதான்,
தண்ணீர் முழுக்கக் காலடி,
இறக்கையால் பாதி காலால் பாதி ஓடி
உளுந்து அத்தனையும் வடக்கு மூலையில்.
‘எத்தனை அண்ணாச்சி?’ என்கிறான் ஷேக்.
அழிப்பான் எங்கே என்கிறேன் நான்.

ஏழேகால் மணிக்கு ஒரு வெள்ளைக் கார்.
பாளையங்கோட்டைக்காரர்கள்.
கலுங்கின் மேல் போர்வை விரிந்தது,
புளிச்சோறு, துவையல், பாட்டுப் பெட்டி.
டீச்சர் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தார்,
பாட்டு தானாகக் குறைந்தது.
கார்க்காரர் வந்து பக்கத்தில் நின்று
குளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
‘கறி எப்படி இருக்கும்?’
ஷேக் சொன்னான்: ‘எண்ணி முடியட்டும்.’

அவர் மகள், எட்டு வயது இருக்கும்,
அனுமதி கேட்காமல் தொலைநோக்கிக்குள் புகுந்துவிட்டாள்.
நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு, யாருக்கோ சொல்வதுபோல,
‘அதுக்குக் கண்ணு செவப்பா இருக்கு.’

எதுக்கு?
குனிந்து பார்த்தேன்.
ஆமாம், நாமக்கோழிக்குக் கண் சிவப்பு.
ஆறு வருசமாய் எண்ணுகிறேன்,
ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன்,
ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை என்று
நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுபடி எண்ணியதில் நானூற்றுப் பத்து.
டீச்சருக்கு முந்நூற்றுத் தொண்ணூறு.
சண்டை போட்டு நானூறு என்று எழுதினோம்.
கூழைக்கடா ஏழு. கரண்டிவாயன் பத்தொன்பது.
முக்குளிப்பான் பன்னிரண்டு,
மூழ்கினது மறுபடி எழும்பினதா
வேறு ஒன்றா என்பது
அந்த முக்குளிப்பானுக்கே வெளிச்சம்.

கிளம்பும்போது சம்புக்குள்ளிருந்து
ஒரு கரகரப்பு, இருமுறை.
நீலத்தாழைக்கோழி.
ஆள் தெரியவில்லை, இலை அசையவில்லை,
அரை மணி காத்தும் வெளியே வரவில்லை.
எண்ணிக்கைக் கட்டத்தில் என்ன போட?
குறிப்புக் கட்டத்தில் டீச்சர் எழுதினார்:
‘குரல் மட்டும்.’

திங்கட்கிழமை. மேலத்தெரு, நாலாவது வீடு.
மூன்று மாதமாய்ப் பூட்டு,
மீட்டர் உள்ளே.
சன்னல் வழியே மின்விசிறி ஓடுகிற சத்தம்,
கட்டக் கட்டக் கட்டக்கென்று.
‘கதவு பூட்டு’ என்று பதியப் போனேன்.
விரல் கொஞ்சம் நின்றது.
கையிலிருந்த கருவியில்
குறிப்புக்குக் கட்டம் கிடையாது.